விக்டோரியா டெர்மினஸ் செயின்ட் பாங்க்ராஸின் நகலா? கட்டடக் கலைஞர் ஸ்டீவன்ஸ் பற்றி

ஜூலை 4, காலை 8.15 – கேள்வி

மும்பை விக்டோரியா டெர்மினஸை (இன்றைய சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) வடிவமைத்த எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸை மேதை என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்தின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே கூர் வளைவு, அதே சிறு கோபுரங்கள், அதே கடிகாரம். ஸ்காட் என்பவர் லண்டனில் வரைந்ததைப் பார்த்து வரைந்தவருக்கு இவ்வளவு பெருமை எதற்கு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூலை 4, இரவு 9.40

முகப்புப் படங்களை மட்டும் பக்கம்பக்கமாக வைத்தால் எந்தக் கோதிக் (கூர் வளைவு வைத்த இடைக்கால ஐரோப்பியப் பாணி) கட்டடமும் இன்னொன்றின் நகலாகத்தான் தெரியும். தரைப்படத்தை எடுத்து வையுங்கள்.

செயின்ட் பாங்க்ராஸில் தெருவைப் பார்த்து நிற்பது ஓட்டல். ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வரைந்தது. 1873-இல் திறந்து, 1876-இல்தான் முழுதாக முடிந்தது. அதன் பின்னால் இருக்கும் ரயில் கொட்டகை டபிள்யூ. எச். பார்லோ என்ற பொறியாளருடையது. 1868-லேயே அங்கே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. சுமார் 240 அடி அகலம், 689 அடி நீளம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. பாதை ரீஜன்ட் கால்வாயின் மேலே ஏறி வருவதால் தண்டவாளத் தளம் தெருவைவிடச் சுமார் 20 அடி உயரத்தில் இருக்கிறது. அந்தத் தளத்தின் இரும்புத் தூலங்களே கூரை வளைவின் இரண்டு கால்களும் வெளியே சரியாமல் இழுத்துப் பிடிக்கும் கட்டுகள். கீழே கிடைத்த இடம் பர்ட்டன் என்ற ஊரிலிருந்து வந்த பீர் பீப்பாய்களுக்குக் கிடங்கானது. தூண்களின் இடைவெளியையே பீப்பாய்க் கணக்கில்தான் வைத்தார்கள். ஆக அங்கே நிலையம் ஒருவருடையது, ஓட்டல் இன்னொருவருடையது.

மும்பையில் தெருவைப் பார்ப்பது ஓட்டல் அல்ல. கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே (ஜிஐபி) கம்பெனியின் தலைமை அலுவலகம். நடுவே எண்கோணக் குவிமாடம், அதற்கு நேர்கீழே மாடிப்படிக் கூடம், இரண்டு பக்கமும் சிறகுகள், அவற்றுக்கு நடுவே தோட்டம். இடமும் வலமும் ஒத்த அமைப்பு. ஸ்காட்டின் ஓட்டலில் ஒத்த அமைப்பே கிடையாது: ஒரு கோடியில் கடிகாரக் கோபுரம், மறுகோடியில் வேறு மாதிரிக் கோபுரம், மேற்குச் சிறகு வளைந்து வெளியே வரும், நடுவில் தலைமை தாங்கும் உறுப்பு ஒன்றுமில்லை. நகல் எடுத்தவர் முதுகெலும்பையே மாற்றியிருக்க மாட்டார்.

ஜூலை 5, காலை 7.05

ஸ்டீவன்ஸ் என்ற ஆளைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சுருக்கமாக. 1847-இல் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் பிறந்தார். அங்கேயே சார்லஸ் டேவிஸ் என்ற கட்டடக் கலைஞரிடம் ஐந்து ஆண்டு தொழில் பழகினார். 1867-இல் இந்தியப் பொதுப்பணித்துறைக்குத் தேர்வாகி வந்தபோது வயது 20. முதலில் பூனா, அடுத்த ஆண்டே மும்பை. அங்கே கோட்டைச் சுவர்களை இடித்துக் கிடைத்த நிலத்தில் அரசுக் கட்டடங்களை எழுப்பும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஜேம்ஸ் ட்ரப்ஷா என்பவரின்கீழ் வரைவு மேசையில் உட்கார்ந்தார். பெயர் வாங்கிக் கொடுத்த முதல் பெரிய வேலை ராயல் ஆல்ஃபிரட் மாலுமிகள் இல்லம், 1872 முதல் 1876 வரை. இன்று மகாராஷ்டிரக் காவல்துறைத் தலைமையகம் அதில்தான் இருக்கிறது.

அது முடிந்த மறு ஆண்டே ஜிஐபி கம்பெனி அரசிடம் அவரைக் கேட்டு வாங்கியது. வேலையை ஏற்றதும் ஐரோப்பாவின் பெரிய நிலையங்களைப் பார்க்கப் பத்து மாதம் சுற்றினார். செயின்ட் பாங்க்ராஸைப் பார்க்காமல் வந்திருக்க மாட்டார் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. 1878-இல் கட்டுமானம் தொடங்கியபோது அவருக்கு வயது 30.

ஜூலை 5, இரவு 10.20

கீழே ஒருவர் "இதற்கு ஸ்டீவன்ஸ் 16 லட்சம் ரூபாய் ஊதியம் வாங்கினார்" என்று போட்டிருக்கிறார். இணையத்தில் பரவலாக ஓடும் பிழை இது. சுமார் 16 லட்சம் என்பது கட்டடத்துக்கு ஆன செலவு. அந்தக் காலத்து மும்பையில் ஒரு கட்டடத்துக்கு ஆன மிகப் பெரிய செலவும் அதுதான். மொத்தச் செலவையும் ஒரு பொதுப்பணித்துறைப் பொறியாளர் கையில் கொடுத்துவிட்டால் கல்லை யார் வாங்குவது? கட்டடக் கலைஞரின் பங்கு திட்டச் செலவில் சிறு விழுக்காடாகத்தான் இருக்கும். அவரோ தொடக்கத்தில் அரசு கடனாகக் கொடுத்த அதிகாரி.

ஜூலை 7, பிற்பகல் 1.30

ஸ்காட் விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன். முதல் பதிவில் வேறுபாடுகளை மட்டும் சொன்னேன். ஸ்காட்டிடமிருந்து எடுத்துக்கொண்டதையும் சொல்ல வேண்டும், ஆனால் சரியான இடத்திலிருந்து.

ஸ்டீவன்ஸ் ஸ்காட்டைத் தெரிந்துகொள்ள லண்டன் போக வேண்டிய தேவையே இருக்கவில்லை. மும்பைப் பல்கலைக்கழக மண்டபத்தையும் ராஜாபாய் கோபுரத்தையும் வரைந்தவர் அதே ஸ்காட்தான். இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வராமல் லண்டனிலிருந்தே வரைபடம் அனுப்பினார். 1869-இல் வேலை தொடங்கியது. 280 அடிக் கோபுரம் 1878-இல் முடிந்தது. அந்த ஒன்பது ஆண்டில் பெரும்பகுதி ஸ்டீவன்ஸ் அதே ஊரில் இருந்தார். காகிதத்தில் வந்த ஐரோப்பிய கோதிக், மும்பைக் கல்லில் ஏறும்போது எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்டு பிடிக்கிறது என்பதைக் கண்ணெதிரே பார்க்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. பக்கத்திலேயே ஃபுல்லரின் உயர்நீதிமன்றம், வில்கின்ஸின் தலைமைச் செயலகம்.

ஸ்காட்டிடமிருந்து அவர் எடுத்தது என்று நான் சொல்வது மூன்று: வானத்தை வெட்டும் முக்கோண முகட்டுச் சுவர்களும் சிறு கோபுரங்களும், பல நிறக் கற்களைப் பட்டையாகக் கலப்பது, ஒரு ரயில் கம்பெனி தன் செல்வாக்கைத் தெருவிலேயே காட்டலாம் என்ற துணிச்சல். மூன்றாவதுதான் பெரியது.

ஜூலை 8, இரவு 9.00

குவிமாடம் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். கட்டடத்தின் மிகச் சிறந்த பகுதி அது. கோதிக் வகையில் நடுக் குவிமாடம் என்பதே அரிது. எண்கோணமாக, விலாக்கள் வைத்து, முழுக்கக் கல்லில் எழுப்பியது இன்னும் அரிது. அதையும் சென்ட்ரிங் இல்லாமல் ஏற்றினார்கள். கற்கள் ஒன்றுக்குள் ஒன்று புறாவால் மூட்டாக (புறாவின் விரிந்த வால் போல் அகன்ற முனை, அதே வடிவக் குழியில் மாட்டும் மூட்டு) கோத்துக்கொள்ளும்படி செதுக்கப்பட்டவை.

இது எப்படி நிற்கிறது? சாதாரண வளைவில் உச்சிக் கல்லைப் பொருத்தும்வரை எதுவும் தன் காலில் நிற்காது. அதனால் கீழே மரச் சட்டம் முட்டுக் கொடுத்தாக வேண்டும். குவிமாடம் அப்படியல்ல. ஒவ்வொரு வரிசையும் முழு வளையமாக மூடியதும் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தானே நிற்கும். ஆபத்து வளையம் மூடாமல் பாதியில் இருக்கும்போதுதான்: சாந்து ஈரம், கல் உள்பக்கம் சாய்ந்திருக்கிறது, வழுக்கி விழும். புறாவால் மூட்டு அந்த இடைக்காலத்துக்குத்தான். பக்கத்துக் கல்லும் கீழ்க் கல்லும் பிடித்துக்கொள்ளும். எண்கோணத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. பாரமும் உதைப்பும் சுற்றிலும் சமமாகப் பரவாமல் எட்டு மூலைக்கு ஓடும். அந்த மூலைகளில்தான் விலாக்கள் இருக்கின்றன.

அரைக்கோளக் குவிமாடத்தில் உச்சியிலிருந்து சுமார் 52 பாகைக்குக் கீழே வந்தால் வளையத் திசையில் இழுப்பு தொடங்கிவிடும். கல்லும் சுண்ணாம்பும் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. பழைய குவிமாடங்களில் அடியிலிருந்து மேலே ஏறும் செங்குத்து விரிசல் அதனால்தான். உருவம் கூராக உயர்ந்தால் வெளி உதைப்பு குறையும். ஸ்டீவன்ஸின் குவிமாடம் உயர்ந்து நிற்பது அழகுக்காக மட்டுமல்ல.

ஜூலை 8, இரவு 9.25

மேலே சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: அடியில் உள்ள மாடிப்படியும் கவனிக்க வேண்டியது. படிக்கற்களின் ஒரு முனை மட்டுமே சுவருக்குள். மறுமுனைக்குத் தாங்கல் கிடையாது. ஒவ்வொரு படியும் தனக்குக் கீழே உள்ள படியின் விளிம்பில் கொஞ்சம் உட்காரும். சுவர்ப் பிடியும் அந்த விளிம்பும் சேர்ந்துதான் படி திருகாமல் காக்கின்றன. இந்த வகைப் படிக்கட்டில் நடுவே ஒரு படி உடைந்தால் அதற்கு மேலுள்ளவை எல்லாம் கீழ்த் தாங்கலை இழக்கும். அதனால் ஒற்றைப் படியை மாற்றுவதானாலும் மேல் வரிசை முழுவதற்கும் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

ஜூலை 11, மாலை 6.45

"வெள்ளைக்காரன் ஊர்க் கட்டடத்தை வெயில் ஊரில் நட்டு வைத்தான்" என்று ஒரு பதில் வந்திருக்கிறது. முகப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பாருங்கள். மேற்கு. மாலை வெயிலும் தென்மேற்குப் பருவமழையும் நேரே அடிக்கும் பக்கம். ஸ்காட்டின் ஓட்டலில் ஜன்னல்கள் வெளிச் சுவரிலேயே உட்கார்ந்திருக்கின்றன. லண்டனில் வெளிச்சம் உள்ளே வந்தால் போதும். ஸ்டீவன்ஸ் அலுவலக அறைகளுக்கு முன்னால் வளைவு வரிசை வைத்த தாழ்வாரங்களை ஓடவிட்டார். வெயில் வெளி வளைவிலேயே நின்றுவிடும், மழைச் சாரல் தாழ்வாரத் தரையோடு போய்விடும், உள்ளே கதவு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்தர்கள் வேலை பார்க்கலாம். 1880-களில் அந்த அலுவலகங்களில் மின்விசிறி கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

விலங்கு முகங்களை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு: அவற்றில் பல மழைநீரைத் துப்பும் வாய்கள். நம் கோயில் கோமுகம் செய்யும் அதே வேலை. கூரைத் தண்ணீர் சுவரைத் தொடாமல் எட்டிப் போய் விழ வேண்டும். அந்த வாய் புறா எச்சத்திலும் இலையிலும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்வாங்கிச் சுவர் உச்சி வழியே உள்ளே இறங்கும். அடுத்த மழைக்காலத்தில் உட்கூரையில் பழுப்புக் கறை தெரியும்.

ஜூலை 12, காலை 11.10

நேற்றுவரை எழுதியதைத் திரும்பப் படித்தால் எல்லாவற்றையும் ஸ்டீவன்ஸ் ஒருவரே செய்தது போல் தொனிக்கிறது. அது நியாயமில்லை. தளத்தில் சீதாராம் கண்டேராவ் வைத்யா, எம். எம். ஜனார்தன் என்ற இரண்டு இந்தியப் பொறியாளர்கள் அவரோடு வேலை பார்த்தார்கள். பத்தாண்டு வேலையில் அளவெடுப்பது, கல்லைச் சோதித்து ஏற்பது, கல்தச்சர்களுக்கு அளவுப் பலகை வெட்டிக் கொடுப்பது எல்லாம் தளத்தில் இருப்பவர்கள் தலையில்தான். ஒரு புறாவால் மூட்டு விரற்கடை தவறினாலும் அடுத்த கல் உட்காராது.

செதுக்கு வேலை மும்பைக் கலைப் பள்ளியுடையது. இதை ருட்யார்ட் கிப்ளிங்கின் அப்பா லாக்வுட் கிப்ளிங் செய்ததாகப் பலர் எழுதுகிறார்கள். அவர் 1875-லேயே லாகூருக்குப் போய்விட்டார். கட்டடம் தொடங்கியதே 1878-இல். பள்ளியில் கட்டடச் சிற்பப் பயிற்சியை வளர்த்ததில் அவர் பங்கு பெரியது. இந்தக் கட்டடத்தில் மாணவர்களை வழிநடத்தியவர் ஜான் கிரிஃபித்ஸ். தூண் தலைப்புகளில் உள்ள இலைகள், குரங்குகள், மயில்கள் எல்லாம் அந்த மாணவர்கள் கண்ணால் பார்த்துச் செதுக்கியவை. வடக்குச் சிறகின் கீழ்த்தளத்தில் டிக்கெட் கூடம், 'நட்சத்திரக் கூடம்' என்பார்கள். இத்தாலியச் சலவைக்கல்லும் மெருகேற்றிய இந்திய நீலக்கல்லும், அண்ணாந்து பார்த்தால் நட்சத்திரம் தீட்டிய கூரையும். வரிசையில் நிற்பவர்கள் தலை தூக்கிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

குவிமாட உச்சியில் நிற்கும் 'முன்னேற்றம்' சிலையும், வாயிலில் உள்ள பிரிட்டனின் சிங்கமும் இந்தியாவின் புலியும் மட்டும் இங்கிலாந்துச் சிற்பி தாமஸ் எர்ப் செய்தவை. முகப்பில் உள்ள முகங்களில் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் ஜகன்னாத் சங்கர்சேட்டும் உண்டு. போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு 1853 ஏப்ரல் 16 அன்று முதல் ரயில் ஓடுவதற்குப் பின்னால் நின்றவர்கள்.

ஜூலை 15, இரவு 8.30

பராமரிப்பு பற்றிய கேள்விக்கு. மும்பையின் விக்டோரியக் கட்டடங்களில் திரும்பத் திரும்ப வரும் கற்கள் மூன்று: எரிமலைக் கருங்கல், மாலாட் மஞ்சள் கல், போர்பந்தர் சுண்ணாம்புக்கல். கருங்கல் அசையாது. போர்பந்தர் கல் வெண்ணெயாய்ச் செதுக்கக் கிடைக்கும். அதனால்தான் நுணுக்க வேலைகள் அதில். கடல் உப்பும் வாகனப் புகையும் முதலில் தின்பதும் அதையே.

கெடுதல் நடக்கும் முறை இது. மழையில் கல் நீரை உறிஞ்சும், உப்பும் கூடவே போகும். வெயிலில் நீர் வெளியேறும்போது உப்பு மேற்பரப்புக்கு அடியில் படிகமாகும். படிகம் பெருக இடமில்லாமல் கல்லின் தோலைத் தள்ளும். சில பருவங்களில் இலை நுனியும் குரங்கின் மூக்கும் பொடியாக உதிரும்.

இதில் சிமென்ட் பூசினால் கதை முடிந்தது. கல்லைவிட மூட்டு மென்மையாகவும் ஈரத்தை வெளியே விடுவதாகவும் இருக்க வேண்டும். சிமென்ட் இரண்டுக்கும் எதிர். ஈரம் மூட்டு வழியே போக முடியாமல் கல் வழியே போகும், உப்பு கல்லிலேயே தங்கும். பத்தாண்டு கழித்துப் பார்த்தால் சிமென்ட் கோடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும், சுற்றியுள்ள கல் குழி விழுந்திருக்கும்.

சரியான வழி: மூட்டை அதன் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழத்துக்காவது கையுளியால் தோண்டு. கிரைண்டர் வேண்டாம், கல் விளிம்பு போய்விடும். தூசியைத் தட்டி, ஈரப்படுத்து. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கூர்மணல். மழை நேரே அடிக்கும் உயரங்களில் வெறும் சுண்ணாம்பு போதாது, சுர்க்கியாவது (செங்கல் தூள்) நீரிலேயே இறுகும் வகைச் சுண்ணாம்பாவது வேண்டும். பூசியபின் ஈரச் சாக்கு போர்த்தி ஒரு வாரமாவது காயவிடாமல் வை. மும்பையில் மழை நின்றபின் தொடங்கி, மே மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். உப்பு ஏறிய சிற்பத்துக்கு முதலில் காகிதக் கூழ் ஒத்தடம்: காய்ச்சி வடித்த நீரில் குழைத்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பி, காய்ந்ததும் எடுத்து, உப்பு குறையும்வரை திரும்பச் செய்ய வேண்டும். அமிலமும் மணல் வீச்சும் அறவே கூடாது.

ஜூலை 16, காலை 6.50

அரசங்கன்றை மறந்துவிட்டேன் என்று ஒருவர் நினைவூட்டினார், நன்றி. பறவை எச்சத்தில் விதை வந்து மூட்டில் முளைக்கும். பிடுங்கவே கூடாது. இழுத்தால் கல் கழன்று வரும், வேர் உள்ளேயே அறுந்து தங்கி அடுத்த மழைக்குத் துளிர்க்கும். தண்டை வெட்டி, வெட்டுவாய் ஈரமாக இருக்கும்போதே களைக்கொல்லி தடவி, வேர் முழுதாகப் பட்டுப்போகும்வரை மாதக்கணக்கில் விட வேண்டும். அதன்பின் மூட்டைத் திறந்து எடுத்துவிட்டு அடைக்கலாம்.

கல்லுக்குள் வைத்த இரும்புக் கவ்விகளும் அப்படித்தான், வெளியே தெரியாத எதிரி. துரு பிடித்த இரும்பு பல மடங்கு பருக்கும். கல் நேர்கோட்டில் பிளந்தால் உள்ளே கவ்வி இருக்கிறது என்று அர்த்தம். மாற்றும்போது துருப்பிடிக்காத எஃகு. உச்சிச் சிலையில் 1969-இல் இடி விழுந்து சேதமானது. இடிதாங்கிக் கம்பியின் தரை இணைப்பை ஆண்டுதோறும் சோதிப்பதும் இந்தப் பட்டியலில் சேர வேண்டும்.

ஜூலை 20, இரவு 10.05

"சென்னை சென்ட்ரலும் இவர்தானே?" இல்லை. சென்ட்ரல் ஜார்ஜ் ஹார்டிங் வரைந்தது, 1873. பிறகு அதில் கைவைத்தவர் ராபர்ட் சிசோம். எழும்பூர் ஹென்றி இர்வின், 1908.

ஆனால் சிசோமுக்கும் ஸ்டீவன்ஸுக்கும் உண்மையான தொடர்பு ஒன்று இருக்கிறது. விக்டோரியா டெர்மினஸுக்கு எதிரே நிற்கும் மும்பை மாநகராட்சிக் கட்டடத்துக்கு இருவரும் வரைவு கொடுத்தார்கள். சென்னையில் செனட் ஹவுஸ் கட்டியவர் சிசோம். இந்திய, இஸ்லாமிய வடிவங்களைக் கலந்த இந்தோ-சாரசெனிக் பாணியில் கொடுத்தார். ஸ்டீவன்ஸ் தன் கோதிக்கில் நின்றார். அவருடையதே எழுந்தது, 1893-இல் முடிந்தது. இரண்டையும் ஒரே சந்திப்பில் நின்று பார்த்தால் இரண்டாவதில் குவிமாடங்களும் வளைவுகளும் கீழைநாட்டுப் பாணிப் பக்கம் நகர்ந்திருப்பது தெரியும். போட்டியில் தோற்ற சிசோமின் வாதம் ஸ்டீவன்ஸின் கையில் கொஞ்சம் ஏறிவிட்டது என்பது என் கணிப்பு. 1884-இல் ஸ்டீவன்ஸ் அரசு வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியிருந்தார். ஒரே சந்திப்பின் இரண்டு பக்கமும் தன் கட்டடம் எழும் வாய்ப்பு எந்தக் கலைஞருக்கும் லேசில் கிடைப்பதில்லை.

ஜூலை 23, மாலை 5.15

கடைசிப் பெரிய வேலையும் ரயில்தான். சர்ச்கேட் எதிரே பம்பாய் பரோடா மத்திய இந்திய ரயில்வேயின் (பிபிசிஐ) தலைமை அலுவலகம், 1899-இல் முடிந்தது. இன்று மேற்கு ரயில்வேயின் தலைமையகம். கருநீலக் கல்லில் வெள்ளைப் பட்டைகள், கொத்தாகக் குவிமாடங்கள். மேற்கு முகட்டில் நிற்கும் பெண் சிலை கையில் ஒரு ரயில் எஞ்சினை ஏந்தியிருக்கும். போட்டிக் கம்பெனிகள் இரண்டுக்கும் ஒரே ஆள் தலைமை அலுவலகம் கட்டினார் என்பதையும் நகல் வாதம் செய்பவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டாவது கம்பெனி அவரைக் கூப்பிட்டது முதலாவதில் பார்த்த வேலையை வைத்துத்தான் இருக்க வேண்டும். 1900 மார்ச்சில் மும்பையிலேயே மலேரியாவில் இறந்தார், வயது 52. மகன் சார்லஸும் அதே ஊரில் அதே தொழிலைத் தொடர்ந்தார்.

ஜூலை 24, காலை 7.30

டெர்மினஸ் முடிந்தது 1887-ஆ 1888-ஆ என்ற குழப்பத்துக்குப் பதில்: 1887 என்பது அரசியின் பொன்விழாவை ஒட்டி 'விக்டோரியா' என்று பெயர் வைத்த ஆண்டு. கட்டட வேலை முழுதாக முடிந்தது 1888. இரண்டையும் நூல்களில் பார்ப்பீர்கள், இரண்டும் சரி. பெயர் 1996-இல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆனது, 2017-இல் 'மகாராஜ்' சேர்ந்தது. யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது 2004. இன்றுள்ள 18 நடைமேடைகளை ஸ்டீவன்ஸ் கணக்கில் எழுதாதீர்கள். அவை பின்னால் பல கட்டமாக விரிந்தவை.